தூக்குக் கயிற்றைத் தடுக்க உழைப்பவர்களுக்கு மரியாதை செய்வது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

மரண தண்டனைக்கு எதிரான உலக நாளான அக்டோபர் 10-ஐ ஒட்டி, தூக்கு வழக்குகளில் பாடுபடுகிறவர்களைப் பற்றிய கேள்விகளைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்கள் அதிலிருந்தே தரப்பட்டுள்ளன. சுருக்கமாக அதைப் புதிய நடைமுறைச் சட்டம் என்கிறோம்.

எங்கள் வாசகர் வட்டம் சார்பில், மரண தண்டனை ஒழிப்புக்காக உழைக்கும் மூன்று பேருக்குப் பாராட்டு விழா நடத்த இருக்கிறோம். உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் பெரிய வழக்கறிஞர்கள் பெயர்தான் எல்லோருக்கும் தோன்றுகிறது. வேறு யாரை யோசிக்கலாம்?
– வாசகர் வட்டச் செயலாளர், மதுரை

பெரிய வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள், தவறே இல்லை. மூன்று இடமும் அவர்களுக்கே போய்விட வேண்டாம். ஒரு தூக்கு வழக்கின் தலையெழுத்து டெல்லிக்குப் போகும் முன்பே பாதி எழுதப்பட்டுவிடுகிறது. அந்தக் கட்டத்தில் உழைத்தவர்களின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

முதலில், மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்தில் சட்ட உதவிப் பட்டியலிலிருந்து ஆஜராகும் வழக்கறிஞர். கட்சிக்காரரை ஊரே வெறுக்கும். சில இடங்களில் 'இந்த வழக்கில் யாரும் வக்காலத்து போடக் கூடாது' என்று வழக்கறிஞர் சங்கமே தீர்மானம் போட்டுவிடும். அப்படிப்பட்ட தீர்மானம் சட்டப்படி செல்லாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊரை எதிர்த்து வக்காலத்து போட்டு, ஒவ்வொரு சாட்சியையும் முறையாகக் குறுக்கு விசாரணை செய்து, ஆட்சேபணைகளைப் பதிவு செய்து வைத்திருந்தால்தான் மேல் நீதிமன்றத்தில் எடுத்துப் பேச எதுவும் இருக்கும். கீழே கேட்காமல் விட்ட கேள்வியை மேலே போய்க் கேட்க முடியாது.

அடுத்து, கைதியின் வாழ்க்கை வரலாற்றைத் தேடி எடுக்கும் தணிப்பு விசாரணையாளர்கள். பலர் சமூகப்பணியோ உளவியலோ படித்தவர்கள். கறுப்பு அங்கி போடாதவர்கள். இவர்கள் வேலை என்ன என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

பதவியில் இருந்தபோது செய்ததை, ஓய்வு பெற்றபின் திரும்பிப் பார்த்து உண்மை பேசியவர்களும் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன், அவர் சொன்னதை அப்படியே முழுதாக எழுதவில்லை என்று 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். தான் வாங்கித் தந்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்ன பகுதிதான் விடுபட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2012-ல், ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். சட்டப்படி தவறான முன்தீர்ப்பை நம்பி 13 பேருக்கு மரண தண்டனை உறுதி செய்யப்பட்டிருக்கிறது, அதை ஆயுளாக மாற்றுங்கள் என்பது கோரிக்கை. அந்த முன்தீர்ப்பு பிழையானது என்று உச்ச நீதிமன்றமே 2009-ல் சொல்லியிருந்தது. அதற்குள் இருவர் தூக்கிலிடப்பட்டுவிட்டார்கள்.

கைதிகளின் தாய்மார்களையும் மறக்காதீர்கள். பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் ஏறாத மேடை இல்லை, தட்டாத கதவு இல்லை. 1998 ஜனவரியில் ராஜீவ் கொலை வழக்கில் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது; 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 22 பேரை அந்தத் தண்டனையிலிருந்து விடுவித்து, நான்கு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. மகன் 2022 மே 18 அன்று விடுதலையாகும்வரை அந்தத் தாய் ஓயவில்லை. பெயர் வெளியே வராத இன்னும் பல தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் மேடைக்கு அழையுங்கள். ஊருக்குத் தெரியாமல் சிறைக்குப் போய்வந்துகொண்டிருக்கும் குடும்பங்களுக்கு மேடை வெளிச்சம் ஆபத்தாகவும் முடியும்.

தூக்கு வழக்கில் வழக்கறிஞர் வாதாடுவது தெரியும். 'தணிப்பு விசாரணை' என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன வேலை? அதற்குப் போய் விருதா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

விருது கொடுக்க வேண்டிய முதல் ஆள் இவர்தான் என்போம்.

குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, என்ன தண்டனை என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்கிறது சட்டம் (பிரிவு 258). மரண தண்டனை கொடுத்தால் அதற்கான சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும் (பிரிவு 393). 1980-ல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 'அரிதினும் அரிதான' வழக்கில் மட்டுமே தூக்கு என்றது. குற்றத்தை மட்டும் பார்க்காமல் குற்றம் செய்த மனிதரையும் பார்க்க வேண்டும், அவர் திருந்த வாய்ப்பே இல்லை என்பதை அரசுத் தரப்பு காட்ட வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆனால் பல செஷன்ஸ் நீதிமன்றங்களில் நடப்பது என்ன? காலையில் குற்றவாளி என்று தீர்ப்பு, பிற்பகல் தண்டனை. இடையில் வழக்கறிஞர் சொல்வது மூன்றே வரி: 'ஏழை, திருமணமானவர், வயதான பெற்றோர் இருக்கிறார்கள்.' அதை வைத்து எந்த நீதிபதியும் ஒரு மனிதரை அறிய முடியாது.

அந்த மூன்று வரியை நூறு பக்க அறிக்கையாக, ஒவ்வொரு வரிக்கும் ஆவணத்தோடு மாற்றுவதுதான் தணிப்பு விசாரணை. கைதியைச் சிறையில் ஒருமுறை பார்த்தால் போதாது. முதல் சந்திப்பில் பெரும்பாலும் எதுவும் சொல்ல மாட்டார். சிறுவயதில் அடிபட்டது, பட்டினி, தலையில் பட்ட காயம், பாலியல் வன்முறை எல்லாம் நாலாவது ஐந்தாவது சந்திப்பில்தான் வரும், அதுவும் காவலர் காதில் விழாத தூரத்தில் இருந்தால். பிறகு ஊருக்குப் போக வேண்டும். தாய், தந்தை, பாட்டி, தாத்தா என்று மூன்று தலைமுறை வரை குடும்பத்தில் மனநோய், குடி, கடன், இடம்பெயர்வு என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, டி.சி., ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, செங்கல் சூளையிலோ மில்லிலோ வேலை பார்த்ததற்கான சான்று, சிறையில் நன்னடத்தை, சிறையில் படித்த படிப்பு எல்லாம் சேர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர், பழைய வாத்தியார், உடன் வேலை பார்த்தவர் ஆகியோரின் வாக்குமூலம் வேண்டும்.

ஒரு பதிவேடு என்ன செய்யும் என்பதற்கு ஒரு வழக்கு. 1994 ஆகஸ்டில் புணேயில் நடந்த கொலைகளுக்காக ஒருவருக்கு மரண தண்டனை கொடுக்கப்பட்டு, 2000-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. தீர்ப்பை மறுபடி பார்க்கக் கோரும் சீராய்வு மனுவும் தள்ளுபடி. பல ஆண்டுகள் கழித்து ராஜஸ்தானில் பிகானேர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றின் பதிவு கிடைத்தது. அதில் பிறந்த தேதி 1982 பிப்ரவரி 1. அப்படியென்றால் குற்றம் நடந்த நாளில் வயது பன்னிரண்டரை! சிக்கல் என்னவென்றால், பள்ளிப் பதிவில் இருந்த பெயரும் வழக்கில் இருந்த பெயரும் வேறு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2019-ல் புணே மாவட்ட நீதிபதி விசாரித்து அறிக்கை கொடுத்தார். 2023 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் அவரைச் சிறார் என்று ஏற்று விடுவித்தது. சிறாருக்குச் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சக் காலம் மூன்று ஆண்டுகள். அவர் உள்ளே இருந்தது 28 ஆண்டுகளுக்கு மேல்.

இதில் அடிக்கடி தவறு நடக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். வயதை நிரூபிக்க, சிறார் நீதிச் சட்டம் 94-வது பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று, அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்துப் பிறப்புச் சான்று, இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. நேராக மருத்துவப் பரிசோதனைக்கு ஓடினால், சில ஆண்டு முன்பின்னாக ஒரு வயதைத்தான் மருத்துவர் சொல்ல முடியும். அது எதிர்த்தரப்புக்கே சாதகமாகிவிடும். சிறார் என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும், தீர்ப்பு இறுதியான பிறகும்கூட, எழுப்பலாம் என்பது பல வழக்கறிஞர்களுக்கே தெரிவதில்லை.

இன்னொரு தவறு மனநலத்தில் நடக்கிறது. 'எனக்கு எதுவும் வேண்டாம், தூக்கிலேயே போட்டுவிடுங்கள்' என்று கைதி சொன்னால், அதை அவரது விருப்பம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது கடும் மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம். தூக்குக் கைதிகள் 88 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், 62.2 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருந்தது. சிறை மருத்துவர் ஐந்து நிமிடம் பார்த்து எழுதும் 'நலமாக இருக்கிறார்' என்ற குறிப்பை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. வெளியிலிருந்து தகுதி பெற்ற நிபுணர் தனியாகப் பேச அனுமதி கேட்டு நீதிமன்றத்தில் மனு போட வேண்டும்.

2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில், இந்தத் தகவல்களை விசாரணை நீதிமன்றக் கட்டத்திலேயே சேகரிக்க வேண்டும், மனநல மதிப்பீட்டையும் சிறை நடத்தை அறிக்கையையும் அரசு தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. அதைப் பின்பற்றாமல் கொடுத்த தூக்கை, எல்லாக் கதவும் மூடிய பிறகும் அரசியல் சாசனம் 32-வது பிரிவின் கீழ் மறுபடி எழுப்பலாம் என்று 2025 ஆகஸ்டில் வசந்த சம்பத் துபாரே வழக்கில் சொன்னது. பழைய தூக்கு வழக்குகளில் உள்ளவர்களின் வீட்டார் இந்த ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு கொடுத்த பிறகு எத்தனை படிகள் இருக்கின்றன? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நாள்?
– சமூக ஆர்வலர், சேலம்

செஷன்ஸ் நீதிமன்றம் கொடுத்த தூக்கை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது (பிரிவு 407). கைதி மேல்முறையீடு செய்யாவிட்டாலும் வழக்கு தானாகவே அங்கே போகும். குறைந்தது இரண்டு நீதிபதிகள் பார்க்க வேண்டும். 'தானாகப் போகிறதே' என்று மேல்முறையீட்டைப் போடாமல் விடுவது பெரிய பிழை. மேல்முறையீட்டுக்கு 30 நாள். அதைப் போட்டால்தான் கைதியின் தரப்பு வாதம் எழுத்தில் போய்ச் சேரும்.

உயர் நீதிமன்றம் உறுதி செய்தால் உச்ச நீதிமன்றம்; சிறப்பு அனுமதி மனுவுக்கு 60 நாள். அங்கும் தோற்றால் 30 நாளில் சீராய்வு மனு. மற்ற வழக்குகளில் சீராய்வு மனுவை நீதிபதிகள் அறைக்குள் வைத்தே முடித்துவிடுவார்கள். தூக்கு வழக்கில் மட்டும் மூன்று நீதிபதிகள் முன், திறந்த நீதிமன்றத்தில், வாய்மொழி வாதம் கேட்க வேண்டும் என்பது 2014 செப்டம்பரில் முகமது ஆரிஃப் வழக்கில் கிடைத்த உரிமை. கிடைப்பது அரை மணி நேரம்தான். அதற்குள் எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுப்பதற்கு மாதக் கணக்கில் தயாராகிறார்கள்.

அடுத்தது கருணை மனு. முன்பு கால வரம்பு தளர்வாக இருந்தது. இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 472-வது பிரிவு கடிகாரத்தை வைத்துவிட்டது. உச்ச நீதிமன்றத் தள்ளுபடியைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போக வேண்டும். முதலில் ஆளுநரிடம் போகலாம்; அவர் நிராகரித்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவரிடம். ஒரே வழக்கில் பலர் இருந்தால் எல்லோரும் 60 நாளுக்குள் மனு போட வேண்டும். மாநில அரசின் கருத்தும் சிறை ஆவணங்களும் வந்து 60 நாளுக்குள் மத்திய அரசு பரிந்துரை அனுப்ப வேண்டும். குடியரசுத் தலைவரின் முடிவை 48 மணி நேரத்தில் மாநில உள்துறைக்கும் சிறைக்கும் தெரிவிக்க வேண்டும். குடியரசுத் தலைவர் இத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று மட்டும் எங்கும் இல்லை. மனு போடும் உரிமை கைதிக்கும், அவருடைய சட்டப்படியான வாரிசுக்கும், உறவினருக்கும்தான். அமைப்புகள் நேராகப் போட இடமில்லை. ஆகவே நீங்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினால், அது குடும்பத்தின் மனுவுக்குத் துணையாகப் போகும்படி வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

நிராகரித்ததும் மறுநாளே தூக்கில் போட முடியுமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். முடியாது. 2013 பிப்ரவரி 9 அன்று நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் அஃப்சல் குரு தூக்கிலிடப்பட்டபோது, தகவல் சொல்லும் கடிதம் அவர் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது தூக்குக்குப் பிறகு. அடுத்த ஆண்டு 2014 ஜனவரி 21 அன்று சத்ருகன் சவுகான் வழக்கில் நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான மூவர் அமர்வு இதற்கெல்லாம் விதி வைத்தது: நிராகரிப்பை எழுத்தில் தர வேண்டும், குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், நிராகரிப்புக்கும் தூக்குக்கும் இடையே 14 நாள் இருக்க வேண்டும், அந்தக் கட்டத்திலும் இலவசச் சட்ட உதவி உண்டு, பிரேதப் பரிசோதனை கட்டாயம். காரணமில்லாத தாமதம், மனநோய் ஆகியவற்றுக்காக அன்று 15 பேரின் தூக்கு ஆயுளானது. பாலாறு கண்ணிவெடி வழக்கில் தடா நீதிமன்றம் ஆயுள் கொடுத்து, 2004-ல் உச்ச நீதிமன்றம் தானே தூக்காக உயர்த்திய நான்கு பேரும் அந்தப் பதினைந்தில் அடக்கம். நான்கே வாரத்தில், பிப்ரவரி 18 அன்று, அதே வழியில்தான் பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவரின் தூக்கும் நீங்கியது. கருணை மனு 11 ஆண்டுகள் கிடந்ததுதான் காரணம்.

472-வது பிரிவின் கடைசி உட்பிரிவு, கருணை மனு மீதான முடிவை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்கிறது. சவுகான் வழக்கில் திறந்த கதவை மூடப் பார்க்கும் வரி இது. அரசியல் சாசனம் தந்த ஆய்வு அதிகாரத்தைச் சாதாரணச் சட்டம் பறிக்க முடியாது என்று வழக்கறிஞர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதமே சரி என்பது எங்கள் கருத்தும்.

விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். வழக்கறிஞர் படம், அவர் காப்பாற்றியவரின் பெயர், வழக்கு விவரம் எல்லாம் போடலாம் அல்லவா?
– அச்சக உரிமையாளர், ஈரோடு

போடாதீர்கள். மரியாதை செய்யப் போய் அவருக்கே சிக்கல் வந்துவிடும்.

இந்திய வழக்கறிஞர் கழக விதிகளில் 36-வது விதி, வழக்கறிஞர் நேராகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. தான் ஆஜரான வழக்கு தொடர்பாகத் தன் புகைப்படம் வெளியாக ஏற்பாடு செய்வதும் அதில் வருகிறது. ஆகவே படமும் வழக்கின் பெயரும் ஒரே பலகையில் சேர்ந்து வர வேண்டாம். விழாவின் பெயர், நாள், இடம், அழைப்பவர் பெயர் போதும். அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பை வழக்கறிஞருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர், படம், ஊர், பள்ளி, பெற்றோர் பெயர் என அடையாளம் தெரியும் எதுவும் வரக் கூடாது. பாதிக்கப்பட்டவர் இறந்திருந்தாலும் இதுதான் விதி என்று 2018-ல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீறினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. குழந்தை என்றால் போக்சோ சட்டமும் சேரும். தூக்கு வழக்குகளில் கணிசமானவை இந்த வகை என்பதால், பாராட்டு மடலை எழுதுகிறவர் இதைக் கையில் வைத்துக்கொண்டே எழுத வேண்டும்.

வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால், மேடையில் அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. ஆர்வத்தில் ஒருவர் 'அவர் செய்தது தவறுதான், ஆனால்...' என்று ஆரம்பித்தால், மறுநாள் நாளிதழில் அது ஒப்புதல் வாக்குமூலம் போல வரும். பேச்சாளர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கொலையுண்டவரின் குடும்பத்துக்கு இது வலிக்காதா? அவர்கள் பக்கம் நிற்காமல் கொலைகாரன் வக்கீலுக்கு மாலை போடுவது எந்த நியாயம்?
– இல்லத்தரசி, விழுப்புரம்

அம்மா, வலிக்கும். அந்த வலியைத் தவறு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தூக்குக்கு எதிராக வாதாடுகிறவர்கள் குற்றத்தைச் சின்னதாக்கிப் பேசினால் அதை நாங்களும் ஏற்கமாட்டோம்.

அவசர அவசரமாகக் கொடுக்கும் தூக்கு அந்தக் குடும்பத்துக்கும் நீதி தருவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் 2013-ல் ஒரு சிறுமியின் கொலை வழக்கில் குற்றச்சாட்டு பதிந்த நாளன்றே சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்டு, 13 நாளில் விசாரணை முடிந்து தூக்கு அறிவிக்கப்பட்டது. ஆறு ஆண்டு கழித்து 2019 டிசம்பரில், தற்காப்புக்கு நியாயமான வாய்ப்பு தரவில்லை என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. தூக்கு வரக்கூடிய வழக்கில் சட்ட உதவிக்கு நியமிக்கப்படுபவர் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும், தயாராக ஏழு நாளாவது தர வேண்டும் என்ற விதியும் அன்றுதான் வந்தது. குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர் மறுபடி அதே கூண்டைப் பார்க்க வேண்டி வந்ததே, அதற்கு யார் பொறுப்பு? 2000 முதல் 2015 வரை கீழ் நீதிமன்றங்கள் கொடுத்த மரண தண்டனைகளில், மேல்முறையீடு முடிந்தவற்றில் கடைசிவரை நிலைத்தவை 4.9 சதவீதம்தான். ஏறத்தாழ 30 சதவீதம் பேர் விடுதலையே ஆகிவிட்டார்கள்.

மகாராஷ்டிரத்தில் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2009-ல் தூக்கு என்று சொன்ன உச்ச நீதிமன்றமே, 2019 மார்ச்சில் அவர்கள் நிரபராதிகள் என்று விடுவித்து ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. உண்மைக் குற்றவாளிகள் வெளியே இருந்திருக்கிறார்கள். இதில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கிடைத்தது என்ன?

உங்கள் ஊரில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. 396-வது பிரிவின் கீழ் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். இரண்டு மாதத்தில் விசாரித்து முடிவெடுக்க வேண்டும். குற்றவாளி பிடிபடாவிட்டாலும், வழக்கு விடுதலையில் முடிந்தாலும் இதற்கு வழி இருக்கிறது. யாருக்குத் தண்டனை என்பதைப் பொறுத்து இழப்பீடு நிற்பதில்லை. இந்த விவரம் பல குடும்பங்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை. விழா நடத்தும் அமைப்புகள் அதே மேடையில் இந்த மனுவுக்கு உதவும் மேசை ஒன்று போட்டால் நல்லது.

மரண தண்டனையை எதிர்த்த நீதிபதிகள் யார் யார்?
– ஆசிரியை, தஞ்சாவூர்

முதலில் வி.ஆர். கிருஷ்ணய்யர். 1974-ல் எடிகா அன்னம்மா வழக்கில் ஓர் ஏழை இளம்பெண்ணின் தூக்கை ஆயுளாக்கியவர். 1979-ல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் தூக்கின் எல்லையை இன்னும் குறுக்கினார். அடுத்து பி.என். பகவதி: பச்சன் சிங் வழக்கில் நால்வர் ஒருபக்கம் நிற்க, தனியாக மாறுபட்டவர். தூக்கு பெரும்பாலும் ஏழைகள் மீதே விழுகிறது, எந்த நீதிபதி முன் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்து உயிர் போகிறது என்பது அவர் எழுதியதன் சாரம். 1983-ல் மிட்டு வழக்கில், ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாயத் தூக்கு என்ற பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 303-வது பிரிவே செல்லாது என ஐந்து நீதிபதிகள் அடித்துத் தள்ளினார்கள். சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த ஏ.பி. ஷா, சட்ட ஆணையத் தலைவராக 2015 ஆகஸ்டில் தந்த 262-வது அறிக்கையில், பயங்கரவாதமும் நாட்டின் மீது போர் தொடுப்பதும் தவிர்த்த மற்றெல்லாக் குற்றங்களுக்கும் தூக்கை ஒழிக்கப் பரிந்துரைத்தார். அரசு அதை இன்றுவரை ஏற்கவில்லை. பட்டியலில் அம்பேத்கரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையிலேயே, தூக்கை அடியோடு ஒழிப்பதுதான் தனக்கு உடன்பாடு என்று பேசியிருக்கிறார்.

மற்ற நாடுகளில் நிலைமை என்ன?
– வாசகர், புதுச்சேரி

2024 இறுதியில் 113 நாடுகள் எல்லாக் குற்றங்களுக்கும் மரண தண்டனையை ஒழித்துவிட்டன. 1977-ல் அது 16. தூக்கை நிறுத்தி வைக்கக் கோரும் ஐ.நா. தீர்மானத்துக்கு 2024 டிசம்பரில் 130 நாடுகள் ஆதரவளித்தன. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. பிரான்சில் 1981-ல் சட்ட அமைச்சராக இருந்து ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்த வழக்கறிஞர் ராபர்ட் பதந்தேருக்கு 2025 அக்டோபர் 9 அன்று, அந்தச் சட்டம் வந்த அதே தேதியில், நாட்டின் மாமனிதர்களுக்கான பாந்தியோனில் இடம் கொடுத்தார்கள். நவம்பர் 30-ம் கொண்டாடப்படும் நாள்தான்: 1786-ல் அன்று இத்தாலியின் டஸ்கனி மரண தண்டனையை ஒழித்தது. அன்றிரவு பல நகரங்கள் தங்கள் முக்கியக் கட்டடத்துக்கு விளக்கேற்றுகின்றன.

50,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். சால்வை, கேடயம், பணமுடிப்பு – எது பொருத்தம்?
– இளைஞர் மன்றம், நாகர்கோவில்

கேடயத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாதீர்கள். மீதியை வேலைக்குக் கொடுங்கள். இந்த வேலையில் பணம் கரைவது பயணத்திலும் நகலிலும்தான். ஒரு தூக்கு வழக்கின் கீழ் நீதிமன்ற ஆவணங்கள் ஆயிரக்கணக்கான பக்கம் வரும். அதைச் சான்றிட்ட நகலாக எடுக்க வேண்டும், தமிழில் இருக்கும் சாட்சியத்தை உச்ச நீதிமன்றத்துக்காக ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். சுமாரான மொழிபெயர்ப்பால் சாட்சியின் 'தெரியவில்லை' என்பது 'பார்க்கவில்லை' என்று மாறிப்போனால் வழக்கே திசை மாறும். நல்ல மொழிபெயர்ப்பாளருக்கான கூலியை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது பெரிய உதவி. வெளியூர்ச் சிறைக்கு மனு போட்டுப் பார்க்கப் போகும் தாய்க்கு ஓர் ஆண்டுக்கான பஸ், ரயில் செலவும் அப்படித்தான்.

சட்ட உதவிப் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் அந்த வழக்கின் கைதியிடமோ குடும்பத்திடமோ பணம் வாங்கக் கூடாது. ஆகவே பணமுடிப்பைக் கைதியின் அம்மா கையால் கொடுக்கவைக்கும் ஏற்பாடு வேண்டாம். மன்றத்தின் பெயரில், காசோலையாக, ரசீதோடு கொடுங்கள்.

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பணிக்கு வர என்ன செய்ய வேண்டும்?
– மாணவி, திருச்சி

உங்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். சிறையில் உள்ள யாரும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். அதற்கான தேசிய உதவி எண் 15100. முதலில் அங்கே வரும் சாதாரண ஜாமீன் மனுக்களில் பழகுங்கள். சிறைப் பதிவேட்டை எப்படிப் படிப்பது, கைதியிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அதில்தான் வரும். பச்சன் சிங், சவுகான், மனோஜ் மூன்று தீர்ப்பையும் முழுதாகப் படியுங்கள். சுருக்கக் குறிப்புகளை நம்ப வேண்டாம். செஷன்ஸ் நீதிமன்றத்தில் தண்டனை விசாரணை நடக்கும் நாளில் போய் உட்கார்ந்து, எத்தனை நிமிடம் நடந்தது, எந்த ஆவணம் தாக்கலானது என்று குறித்து வையுங்கள். 2024 இறுதியில் நாட்டில் 564 பேர் தூக்கு தண்டனையோடு சிறையில் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு பள்ளிப் பதிவேடாவது தேடப்பட்டிருக்கும் என்று கேட்கத் தொடங்கினால், உங்களுக்கான வேலை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். உளவியலோ சமூகப்பணியோ படிக்கும் தோழியையும் கூட அழைத்துப் போங்கள். அந்தத் தகுதி உள்ளவர்கள்தான் இந்தத் துறையில் மிகக் குறைவு.